வெட்டிய பகுதி

நாரினில் இன்று மைனஸ் இருபத்தொன்று.
பாசன அலுவலகத்தில் ஒரே ஒரு ஹீட்டர்.
அதற்குப் பக்கத்தில் கணினி, கணினிக்கு முன்னால் நான்,
ஐந்து மணிக்குள் பிஷ்கெக் போய்ச் சேரவேண்டிய
முப்பத்தொரு பக்க ஆண்டறிக்கை.
வேர்ட் கோப்பாகவே வேண்டுமாம்.
அங்கே உட்கார்ந்து திருத்துவார்களாம்.

பதினேழாம் பக்கத்துக்கு ஒரு படம்.
வாய்க்கால் தூர்வாரிய கடைசி நாளில் எடுத்தது.
இருபத்தாறு பேர், தோளோடு தோள்,
கரை நீளத்துக்கு.
நல்ல கேமரா.
மூக்கு நுனியில் காய்ந்த சேற்றைக்கூட எண்ணிவிடலாம்.

ஒட்டினேன்.
பூட்ஸ் மட்டும் தெரிந்தது.
வரி இடைவெளியை எவரோ
பன்னிரண்டுக்கு மேல் ஒரு புள்ளியும் கூடாதென்று பூட்டிவைத்திருக்க,
அந்த இடுக்கில் நுழைந்தவரை நுழைந்து
ஐம்பத்திரண்டு பூட்ஸ்,
மேலே ஆளில்லாமல்.

பூட்டைத் திறந்ததும்
படம் ஓரத்தைத் தாண்டி, தாளைத் தாண்டி
எங்கோ வெளியே போய் நின்றது.
நீர்வரத்து அட்டவணை பயந்துபோய்
அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டது.

பக்கவாட்டுப் பிடியை உள்ளே தள்ளினேன்.
எல்லோரும் ஒட்டி உலர்ந்து
பஞ்சத்தில் அடிபட்டவர்கள்போல் நெடுநெடுவென்று நின்றார்கள்.
தண்ணீர்த் துறை அறிக்கையில் அது வேண்டாம்.

மூலைப் பிடியைத் தள்ளினேன்.
விகிதம் கெடவில்லை.
முகங்கள்தாம் தினையாகிவிட்டன.

பக்கத்தைப் படுக்கவைக்கட்டுமா என்று கேட்டேன்.
"தலைநகரத்தார் கழுத்தைச் சாய்க்கமாட்டார்கள்"
என்றார் தலாந்த்பெக், தேநீரை ஆற்றிக்கொண்டே.
பிறகு குனிந்து, திரையின் வலது ஓரத்தில்
சுண்டுவிரல் நகத்தை வைத்தார்.
"இவனை வெட்டினால் இடம் வரும்."

எர்மெக்.
ஆகஸ்டில் சிமென்ட் மூட்டைகளை எண்ணியவன்.
எண்ணியதை எழுதியவன்.
எழுதியதைத் தபாலில் சேர்த்தவன்.
செப்டம்பரில் அவன் நாற்காலியில்
ஃபைல்களை அடுக்கினோம்.

"இடத்துக்காகத்தான்" என்றார் மறுபடியும்.
நான் கேட்கவில்லை.

கறுப்புக் கோட்டைப் பிடித்து இழுத்தேன்.
தொப்பி போனது, மண்வெட்டி போனது,
வெயிலுக்குச் சுருக்கிய கண்கள் போயின.
குபாத்தின் தோளில் மட்டும்
நான்கு விரல்கள் மிச்சம்.

"அது யார் கை?"
"இன்னும் வெட்டினால் குபாத்தும் போவான்."
தலாந்த்பெக் யோசித்தார்.
குபாத் அவர் மைத்துனன்.
"இருக்கட்டும். காலர் என்று நினைப்பார்கள்."

நாலு இருபதுக்கு அனுப்பினேன்.
நாலு இருபத்திரண்டுக்குத் திரும்பி வந்தது.
கோப்பு பெரிது.
நாற்பத்தெட்டு எம்பி.
வெட்டுவதற்கு முன்பும் அதே நாற்பத்தெட்டு.
ஓர் ஆள் போயும் எடை குறையவில்லை.

சந்தேகத்தில் ஓரத்தைப் பிடித்து வெளியே இழுத்தேன்.
நின்றுகொண்டிருந்தான்.
மண்வெட்டியோடு, தொப்பியோடு,
கதவுக்குப் பின்னால் ஒதுங்கி
யாராவது திறப்பார்கள் என்று காத்திருந்தவன்போல.

மறுபடி மூடினேன்.

படத்தைச் சுருக்கு என்ற பொத்தானை அழுத்தினால்
ஒரு சின்னச் சன்னல் திறக்கிறது.
படங்களின் வெட்டிய பகுதிகளை நீக்கு:
இந்தக் கட்டத்தில் ஏற்கெனவே ஒரு டிக்.
நான் போடவில்லை.
மென்பொருளே போட்டுவைத்திருந்தது,
உதவியாக.

ஹீட்டர் ஒருமுறை டொக் என்றது.

டிக்கை எடுத்தேன்.
கீழே, தெளிவை நூற்றைம்பதுக்கு இறக்கினேன்.
எல்லோர் மூக்கிலிருந்தும் சேறு போயிற்று,
ஆறு எம்பி ஆயிற்று.
ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கையில் போயே போயிற்று.

பிஷ்கெக்கில் யாரோ ஒரு குமாஸ்தா
பதினேழாம் பக்கத்தைச் சரிசெய்யலாம்.
செய்யாமலும் போகலாம்.
ஓரத்தைப் பிடித்து இழுக்க
பாதி விரல்கடை போதும்.

"எப்படிச் சிறிதாக்கினாய்?"
கோட்டை மாட்டிக்கொண்டே கேட்டார் தலாந்த்பெக்.
"தெளிவைக் குறைத்தேன்."
"நல்லது" என்றார்.
"அடுத்த வருஷமும் அப்படியே செய்."