ஒன்று நாற்பது வண்டி

காரைக்குடி பஸ் ஸ்டாண்டில்
வண்டி வருவதையும் போவதையும்
இருபத்திரண்டு வருஷமாக எழுதுகிறேன்.
என் வயிற்றுக்குள் என்ன வந்தது
எப்போது போனது என்று
ஒரு நாளும் குறித்ததில்லை.

நூற்று முப்பத்தோரு கிலோ.
மதுரையில் வயிற்றை அறுத்துத் தைத்து
ஒரு வாழைப்பழ அளவுக்கு மிச்சம் வைத்தார்கள்.
எந்த வாழை என்று கேட்டேன்.
டாக்டர் யோசித்து, பூவன் என்றார்.
சிரித்ததில் தையல் இழுத்தது.

இப்போது பன்னிரண்டு நாற்பதுக்கு டப்பா திறக்கிறேன்.
முதலில் முட்டை வெள்ளை.
அப்புறம் விராலில் ஒரு துண்டு.
சோறு கடைசியில், இடம் இருந்தால்.
இருப்பதில்லை.
ஒரு வாய்க்கு இருபத்தைந்து மெல்லு.
பதினெட்டில் யாராவது கூண்டுக்குள் தலையை நீட்டி
"பள்ளத்தூர் வண்டி போயிருச்சாண்ணே?" என்பார்கள்.
பதில் சொல்லிவிட்டு
மறுபடி ஒன்றிலிருந்து.

ஒன்று பத்து, அறந்தாங்கி.
டப்பா மூடிவிட வேண்டும்.
அதிலிருந்து அரை மணி நேரம் தண்ணீர் கூடாது,
தார் உருகும் சித்திரையிலும் கூடாது.
ஒன்று நாற்பதுக்குத் திருப்பத்தூர் வண்டி.
அதன் முதுகு வளைவில் மறைந்ததும்
ஒரு மடக்கு.
டிரைவர் சூசைக்கு இது தெரியும்.
ஒருநாள் டயர் பஞ்சராகி வண்டி நின்றுவிட்டது.
இறங்கி வந்து,
"நீங்க குடிங்கண்ணே,
போனதா எழுதிக்கங்க" என்றான்.
கடிகாரம் ஒன்று நாற்பத்தெட்டு காட்டியது.
ஆனாலும் வண்டி போகவில்லையே.
இரண்டு ஐந்துக்குத்தான் குடித்தேன்.

கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம்.
இலையின் ஓரத்தில் கவுனி அரிசி,
கன்னங்கரேலென்று, நெய் மினுங்க, தேங்காய்ப்பூவோடு.
ஒரு கரண்டிதான்.
எட்டாவது நிமிஷம்
நெஞ்சு பழைய டீசல் எஞ்சினாக அடித்தது,
சட்டை நனைந்தது,
ஒரு தூணைக் கட்டிக்கொண்டு நின்றேன்.
பர்மா தேக்கு சார் என்றார் பக்கத்தில் நின்றவர்,
நான் ரசிப்பதாக நினைத்து.
திரும்பி வந்து இலையை மூடியபோது
பரிமாறும் பையனுக்கு முகம் செத்துவிட்டது.
"சமையல் சரியில்லையாய்யா?"
அவனுக்கு எதைச் சொல்ல.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வண்டி கிடையாது.
கழனிவாசல் வீட்டில்
ஒன்று பத்துக்குத் தட்டை நகர்த்திவிட்டுச்
சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.
முன்பெல்லாம் அந்நேரம்
மூன்றாம் சோற்றுக்கு ரசம் ஊற்றிக் குனிந்திருப்பேன்.
இப்போது தலை நிமிர்ந்திருக்கிறது,
பார்க்கிற வேலைதான்.

பொன்னழகு சாப்பிட வருகிறாள்.
வருகிறாள் என்பது தப்பு.
அடுப்படியில் நின்றபடியே
குழம்புச் சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டி,
ஒரு கண் பால் மேல்,
நாலு வாய்.
ஐந்தாவது, கை கழுவப் போகிற வழியில்.
பழக்கதோஷம், கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன்.
மூன்று நிமிஷம் நாற்பது வினாடி.
இருபத்தாறு வருஷமாக
இந்த வண்டி இப்படித்தான் போயிருக்கிறது,
என் நோட்டில் ஏறாமல்.

அடுத்த ஞாயிறு
"உக்காந்து தின்னேன்" என்றேன்.
"மெல்லணும். இருபத்தஞ்சு."
"ஆபரேசன் ஒங்களுக்கா, எனக்கா?"
என்று கேட்டாலும்
முக்காலியைக் காலால் இழுத்துப் போட்டாள்.
சுக்காவைச் சட்டியோடு நடுவில் வைத்தாள்.
எனக்கு வாசனையே போதும் என்றேன்.
போதாது.

அன்றைக்குப் பதினோரு நிமிஷம்.
எலும்பைக்கூட விடவில்லை.
பிறகு சொம்பைத் தூக்கி
அண்ணாந்து கவிழ்த்தாள்.
மடக் மடக் மடக்கென்று
தொண்டை ஏறி இறங்கியது.
எனக்கு
இன்னும் பதினான்கு நிமிஷம் இருந்தது.