மணியோசை

மே வாங் சாலையில் பாலம் தாண்டியதும்
எல்லாப் பலகையிலும் யானை சிரிக்கும்.
எல்லாப் பலகையிலும் ‘சரணாலயம்’.
போன மழைக்கு முன் இதே பலகைகளில்
‘சவாரி’ என்றிருந்தது.
மாற்றி எழுதியவன் என் மைத்துனன்,
எழுத்துக்கு எட்டு பாத்.

என் சிவப்பு வண்டியில் பின்னால் இரண்டு பெஞ்சு.
ஆளை வாசலில் இறக்கிவிட்டால்
தலைக்கு இருநூறு என் சட்டைப்பைக்கு வரும்.
நான் யாரையும் எதுவும் கேட்டதில்லை.

இன்று ஏறியவள் கேட்டாள்.
லிஸ்பன்காரி, ஜசிந்தா.

முதல் வாசலில்,
“குளிப்பாட்டலாமா?”
“ஒரு நாளைக்கு ஆறு முறை, வாளி இலவசம்.”
ஆறு முறை குளிக்கும் பிராணி எது என்று
அவள் யோசிப்பது கண்ணாடியில் தெரிந்தது.
போகலாம் என்றாள்.

இரண்டாம் வாசலில் ஒரு குட்டி
பழம் வாங்கிக்கொண்டு மண்டியிட்டது.
கூட்டம் கைதட்டியது. அவள் கையும் உயர்ந்தது,
தட்டவில்லை.
“இதன் தாய் எங்கே?”
பையன் பழக்கூடையைப் பார்த்தான்.

மூன்றாவதில் கேள்வியே இல்லை.
கொட்டகைக்குப் பின்னால் போய்வந்தாள்.
ஒன்றன்மேல் ஒன்றாக இரும்பு நாற்காலிகள்,
முதுகில் கட்டுகிற பட்டையோடு.
“தூசி இல்லை” என்றாள்.

இருநூறு பாத் மூன்று முறை
கைக்கு எட்டித் திரும்பிப் போயிற்று.
டீசல் முள் சரிந்துகொண்டிருந்தது.
“உங்களுக்குத் தெரியும், இல்லையா?”
தெரியும்.
பதினேழு வருஷமாகத் தெரியும்.

தார் முடிந்து, செம்மண் முடிந்து,
முபோ வீட்டு வேலியில் பலகை இல்லை.
கரேன் பெண், வெற்றிலைச் சிவப்பு வாய்.
தொட முடியாது என்றாள். பழம் கொடுக்க முடியாது.
இந்த மேட்டில் உட்காரலாம்.
வந்தால் பார்க்கலாம்.
“சங்கிலி?”
“ராத்திரியில் உண்டு. நீளச் சங்கிலி.
கீழே சோளக்கொல்லை,
கொல்லைக்காரனிடம் துப்பாக்கி.”
சிரிக்காமல் சொன்ன முதல் பதில்.
ஜசிந்தா செருப்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்தாள்.

என் தரகு பற்றிக் கேட்டேன்.
சோறு இருக்கிறது என்றாள் முபோ.

மூன்று மணி நேரம்.
எறும்பு, வெயில், மறுபடி எறும்பு.
பள்ளத்தில் எங்கோ மூங்கில் முறிந்தது.
பிறகு மரமணி:
டொக்.
வெகுநேரம் கழித்து, டொக்.
எதற்கும் அவசரமில்லாத கழுத்து.
ஓசை முன்னே வந்தது.
பின்னே எதுவும் வரவில்லை.
மணி மெல்ல மெல்ல
மலைக்கு அந்தப் பக்கம் போயிற்று.

முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தாள்.
மீதி வேண்டாம் என்றாள்.

இறக்கத்தில் இரண்டாம் முகாம்காரன் கூப்பிட்டான்.
“அந்தப் பொம்பளை எங்கே?”
“யானை பார்க்கப் போனாள்.”
“பார்த்தாளா?”
கண்ணாடியில் பின்பெஞ்சு.
கண்ணை மூடி, தலையைக் கம்பியில் சாய்த்து,
விரலால் முழங்காலில் ஒரு தட்டு,
வெகுநேரம் கழித்து இன்னொன்று.

“இல்லை” என்றேன்.