புள்ளிக்கோடு

ஆண்டு விழா மலருக்குத்
துறையின் வரலாறு இரண்டு பக்கம், அமைப்புப் படம் அரைப் பக்கம்,
வெள்ளிக்குள்.
தலைவர் ஊன் கியாட்டின் மின்னஞ்சலில் இவ்வளவுதான்.
பிறகு ஒரு நன்றி, அதன் பக்கத்தில் கைகூப்பும் பொம்மை.

வரலாற்றை ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டேன்.
புக்கிட் தீமாவில் ஓடு போட்ட கட்டடம்,
கெண்ட் ரிட்ஜ் மேட்டுக்கு மாறியது,
எந்தக் கருவி எந்த ஆண்டில் எந்தக் கப்பலில்.
முன்னாள் தலைவர்கள் ஏழு பேர்.
ஏழு படத்திலும் ஒரே கழுத்துப்பட்டை,
மாற்றி மாற்றிக் கடன் வாங்கிக் கட்டியதுபோல்.

படம்தான் மடக்குகிறது.
உச்சியில் ஒரு கட்டம். கீழே நான்கு:
கரிமம், கனிமம், இயற்பியல் வேதியியல், பகுப்பாய்வு.
கரிமத்தையும் கனிமத்தையும் ஒட்டி வைக்காதே என்றாள் ரம்லா.
புகைக்கூண்டு ஒன்று யாருக்கு என்று
எண்பத்தெட்டில் நடந்த சண்டை;
இன்றைக்கும் இரண்டு பேர் மின்தூக்கியில் பேசுவதில்லை.
சொன்ன ரம்லாவுக்கே கட்டமில்லை.
கழிவுக் கரைப்பான் எடுக்க வருகிறவருக்கு இல்லை,
நள்ளிரவில் காந்தத்துக்குத் திரவ ஹீலியம் ஊற்றும் டெஸ்மண்டுக்கு இல்லை,
பத்தொன்பது வருடமாகக் கேள்வித்தாள் தட்டும் எனக்கும்.

கிடங்குப் பேரேட்டைச் சும்மாதான் திறந்தேன்.
நீல மசி. மருதப்பன், பண்டகக் காப்பாளர்.
இடம் மாறிய டிசம்பர்.
"லோரி மூன்று. சோடியம் பதினான்கு பாட்டில், மண்ணெண்ணெய்க்குள்.
தார்ப்பாய் கிழிசல். கனமழை.
விபத்து: இல்லை."

தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் உலோகம்
பருவமழைக்குள் நகரத்தைக் கடந்து போயிருக்கிறது.
எப்படி என்று பேரேடு சொல்லவில்லை.
விடுப்புப் பதிவேடு சொன்னது:
மறுநாளிலிருந்து மூன்று நாள், காய்ச்சல்.
சில்லறைச் செலவுக் கோப்பு சொன்னது:
மழைக்கோட்டு ஒன்று, பத்து வெள்ளி நாற்பது காசு, கோரியவர் மருதப்பன்.
குறுக்கே சிவப்பில்: சொந்தப் பொருள். நிராகரிக்கப்பட்டது.

தீப்பிடித்திருந்தால் அவருக்கு ஒரு பத்தி கிடைத்திருக்கும்,
விசாரணைக் குழு, நாளிதழில் ஒரு படம்.
பிடிக்காத தீயை
எந்தத் தலைப்பின் கீழ் எழுத?

படத்துக்குத் திரும்பினேன்.
மென்பொருளில் இரண்டு கோடு உண்டு.
முழுக்கோடு: யார் யாருக்குக் கட்டுப்பட்டவர்.
புள்ளிக்கோடு: கேட்டால் செய்து தருபவர்.

புள்ளிக்கோடு எனக்குப் பழக்கம்.
முதலாண்டுத் தாள், மூன்றாம் கேள்வி, வருடம் தவறாமல் வரும்.
ஒரு தண்ணீர் மூலக்கூறு பக்கத்து மூலக்கூறைப் பிடித்திருக்கும் இடத்தில்
ஒவ்வொரு புள்ளியாக நானே வைப்பேன்.
விடைக்குறிப்பும் நான்தான் தட்டுவேன்:
பலவீனமான பிணைப்பு. ஒரு மதிப்பெண்.
அது இல்லாவிட்டால் அறை வெப்பத்தில் தண்ணீர் வெறும் வாயு. இரண்டு.
பனிக்கட்டி மிதப்பதும் அதனால்தான். ஒன்று.

வைத்தேன்.
ரம்லாவிலிருந்து நான்கு கட்டத்துக்கும்.
டெஸ்மண்டுக்கு, கழிவு லோரிக்காரருக்கு,
பகுப்பாய்வுக்காரர்கள் கணக்கில் காட்டாமல்
கரிமத்தாருக்கு ஓட்டிக் கொடுக்கும் மாதிரிகளுக்கு,
சண்டை போட்ட இருவரும்
ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே மாணவிக்கு எழுதிய
பரிந்துரைக் கடிதங்களுக்கு.
இல்லாதவரைச் சேர்க்கலாமா என்று விதி எதுவும் கிடைக்கவில்லை.
ஓரத்தில் மருதப்பன்.
பக்கம் கொசுவலை மாதிரி ஆகிவிட்டது.

வெள்ளி, மூன்று மணிக்குப் பதில்:
"அருமை. படம் மட்டும் கொஞ்சம் நெரிசல்.
புள்ளிக்கோடுகளை எடுத்துவிடலாமா?"

மேட்டின் மேல் மழை கட்டிக்கொண்டு நின்றது.
உடனே பதில் எழுதவில்லை.
கேன்டீனில் கோப்பி பெங் வாங்கி
மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கட்டிகள் மேலேதான் நின்றன.