பதினேழு நடை

எங்கள் சபையின் கார் நிறுத்துமிடத்தில்
தென்மேற்கு மூலை மட்டும்
ஒவ்வொரு மழைக்கும் உள்வாங்கும்.
எத்தனை முறை தார் போட்டாலும்
அங்கே தண்ணீர் நிற்கும்.
ஞாயிறு காலையில் எல்லாரும்
செருப்பைப் பார்த்தபடி சுற்றிப்போவார்கள்.
"அடிமண் சரியில்லை" என்பார் ஒப்பந்தக்காரர்.
அடிமண்ணைப் பற்றி எனக்குத் தெரியும்.
சொன்னதில்லை.

ஆர்க்கன்சாவின் இந்தச் சின்ன ஊரில்
இரண்டு மெதடிஸ்ட் சபைகள், நடுவே ஒரு ரயில் பாதை.
பாதைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள்
இந்தப் புதன்கிழமை முதல்முறையாக
எங்கள் கீழ்த்தளக் கூடத்தில்.
வெள்ளைக்கு எதிரே கறுப்பு,
ஒரு மேசைக்கு இரண்டு நாற்காலி.
போதகர் விதியைச் சொன்னார்:
ஒருவர் பேசவேண்டும், இருபது நிமிடம்.
மற்றவர் கேட்கவேண்டும்.
ஜெபிக்கக்கூட வாய் திறக்கக் கூடாது.

மேசை நடுவில் முட்டை வேகவைக்கும் கடிகாரம்,
கோழி வடிவம், கழுத்தைத் திருகினால் ஓடும்.

நான் வெர்லன் ஸ்டபில்ஃபீல்ட்,
எண்பத்தொரு வயது, காணிக்கைத் தட்டு ஏந்துகிறவன்.
வலது காதில் கருவி.
பிரசங்கம் நீண்டால் அதை அணைத்துவிடுவேன்,
மனைவிக்குக்கூடத் தெரியாது.
அன்பைப் பற்றி அறுபது வருஷம் கேட்டிருக்கிறேன்,
அணைத்திருந்த நேரம் போக.

எதிரே எர்னஸ்டீன் கேட்லோ,
ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்.
கைப்பையை மடியிலிருந்து இறக்கவேயில்லை.

முதலில் முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னாள்.
பிறகு, அதே குரலில்,
"அறுபத்து மூன்று, ஜூலை மாதம்.
குளத்தை எல்லாருக்கும் திற என்றது நீதிமன்றம்.
நகரசபை எல்லாருக்கும் மூடியது.
என் தம்பி லூஷியஸுக்குப் பதினொரு வயது.
கம்பி வேலியில் மூக்கை அழுத்தி
நாள் முழுக்க நின்று
மண் லாரிகளை எண்ணினான்.
வீட்டுக்கு வந்து சொன்னான்: பதினேழு."

என் விரல் காதுக் கருவியின் மேல் போனது உண்மை.
போய், அங்கேயே நின்றது.

"எங்களுக்கு ஆறுதான் மிச்சம்.
அடுத்த வாரம் போனான்.
ஆற்றில் ஆழம் எங்கே என்று
யாரும் பெயின்ட் அடித்து எழுதிவைப்பதில்லை."

மன்னிப்பு என் நாக்கின் நுனிவரை வந்தது.
உதிர்த்துவிட்டால் பாரம் இறங்கும்.
யாருடைய பாரம் என்று
அப்போதுதான் உறைத்தது.
விழுங்கினேன், மாத்திரையைப் போல, தண்ணீரில்லாமல்.

கரையில் ஷூக்கள் ஜோடியாக இருந்ததாம்,
உள்ளே சாக்ஸ் சுருட்டிவைத்து.
செப்டம்பரில் பள்ளி திறந்த அன்று
அம்மா அவன் சட்டையையும் சேர்த்து
இஸ்திரி போட்டாளாம்.
ஒருவரும் தடுக்கவில்லை.

கோழி கிணுகிணுத்தது.
மற்ற மேசைகளில் நாற்காலிகள் நகர்ந்தன,
யாரோ காப்பி ஊற்றினார்கள்.
"இன்னும் முடியவில்லை" என்றாள்.
கோழியின் கழுத்தை மறுபடி திருகினேன்.
கருவியைக் கடைசி அளவுக்குக் கூட்டினேன்.

வாசலில், அவள் குடையைத் தேடும்போது சொன்னேன்:
"உங்கள் தம்பி சரியாகத்தான் எண்ணியிருக்கிறான்.
ஓட்டியது நான்."

"தெரியும்.
சீட்டுக் குலுக்கினார்களே,
உங்கள் பெயரை நான் கேட்டு வாங்கினேன்."
கொஞ்ச நேரம் கழித்து,
"நடைக்கு எவ்வளவு?"
"இரண்டு டாலர்.
தசமபாகம் கொடுத்துவிட்டேன்" என்றேன்,
ஏன் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை.
நான் பெருக்கத் தொடங்கும் முன்பே
அவள் முடித்திருந்தாள்:
"அப்படியானால் மூன்று டாலர் நாற்பது சென்ட்
கர்த்தரிடம் இருக்கிறது.
மீதியைப் பற்றி அடுத்த புதன் பேசுங்கள்.
அன்றைக்கு நான் கேட்கிற முறை."

மழை விட்டிருந்தது.
அவள் காருக்குப் போனாள்,
தென்மேற்கு மூலையைச் சுற்றாமல்,
கணுக்கால்வரை நனைந்து,
நேராக.