கொடுக்காத மாத்திரை

சுரங்கப் பாதை முடிந்ததும்
மழை படுக்கைவாட்டில் அடிக்கிற ஊர் அது.
ஃபாரோ தீவுகளின் வடக்கு விளிம்பில்
பதினெட்டு வீடு, ஒரு படகுத்துறை,
அப்புறம் ஹானுஸ்.

செவ்வாயும் வெள்ளியும் போவேன்.
முதலில் எடை. செருப்பைக் கழற்றி, வெறும் வயிற்றோடு.
பிறகு கணுக்கால்.
என் கட்டைவிரல் பதித்த குழி
எத்தனை நேரத்தில் நிரம்புகிறதென்று பார்ப்பேன்.
ஈர மணலைப் போல
அந்தக் கால் என்னைக் கொஞ்சநேரம் நினைவில் வைத்திருக்கும்.

இழுவைப் படகின் எஞ்சின் அறையில்
முப்பத்தோரு வருடம் இருந்தவர்.
பிஸ்டன் ஒன்று இருமினால்
தூக்கத்திலேயே எழுந்து உட்காருவாராம்.
அதனால் தன் நெஞ்சை அவர் மன்னித்ததே இல்லை.
"ஆறு வருஷமாக மிஸ் ஆகிறது, ரக்னா.
இப்படியொரு எஞ்சினோடு
நான் துறையை விட்டே கிளம்பியிருக்க மாட்டேன்."

ஆறு வருடமாக நானும் கேட்கிறேன் அதை.
இடது மார்பின் கீழ் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து
முழுதாக அறுபது விநாடி.
அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குகிற கணக்கு
இந்த நெஞ்சிடம் செல்லாது.
படியில் தடுக்கி, இரண்டு தாவி, நின்று,
மறந்துவைத்ததை எடுக்கத் திரும்பி ஓடி...
எழுபத்தாறு. எழுபத்தொன்பது. எண்பது.
எழுதிவிட்டு டிஜாக்சினை உள்ளங்கையில் வைப்பேன்.
சட்டைப் பொத்தானைவிடச் சின்னது.

அந்த வெள்ளிக்கிழமை
கதவைத் திறக்கும்போதே சிரித்தார்.
"கேட்டுப் பார். ரிப்பேர் ஆகிவிட்டது."

கேட்டேன்.
டொக். டொக். டொக்.
சுவர்க் கடிகாரம் வெட்கப்படும்படி
ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில்.
நாற்பத்துநான்கு.
மறுபடி எண்ணினேன். நாற்பத்துநான்கு.

மேலறை நடுங்க, கீழறை
வந்ததை வாங்கி வந்தபடி அடிப்பதுதான்
அவர் நெஞ்சின் வழக்கம்.
இன்று கீழறை மேலே யாரையும் கேட்கவில்லை.
நடுவில் கம்பி அறுந்து
தனியாக, நிதானமாக, அதன்பாட்டுக்கு.
அதுதான் இந்த ஒழுங்கு.

"சாப்பிட்டீர்களா?"
"மீனைப் பார்த்தாலே குமட்டுகிறது."
"கண்?"
கொஞ்சம் யோசித்தார்.
"துறை விளக்கைச் சுற்றி மஞ்சள் வளையம்.
நேற்றைய பனிகூட
வெண்ணெய் தடவினது மாதிரி."
"நடுவில் கால் வீங்கியதா?"
இதற்குத்தான் தலை குனிந்தார்.
மருமகன் கொண்டுவந்த வற்றல் ஆட்டுத்தொடை,
உப்பு மீன். மறுநாள் செருப்பு நுழையவில்லை.
நீர் மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாக
ஒரு வாரம் போட்டிருக்கிறார்.
"உனக்கு எதற்குத் தொல்லை என்று."

நீரோடு பொட்டாசியமும் போயிருக்கும்.
அது எழுந்துபோன நாற்காலியில்
டிஜாக்சின் உட்கார்ந்துகொண்டது.

வழக்கம்போலக் கையை நீட்டினார்.
நான் டப்பாவை மூடி
என் பையில் போட்டேன்.

"நன்றாக ஓடும்போதா நிறுத்துவாய்?"
அது கோபம் இல்லை.
ஆறு வருடம் கழித்துக் கிடைத்த நேரான எஞ்சினை
ஒரு காலையாவது ஓட்டிப் பார்க்கும் ஆசை.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
போன் செய்தேன். கிளாக்ஸ்விக் ஆம்புலன்ஸ்
சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது.
இருபது நிமிடம் அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன்.
ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே
ஓர் ஆள் புகுந்து வெளியேற இடம் இருந்தது.

படிவத்தில் மருந்து என்ற கட்டத்தில்
தரவில்லை என்று எழுதினேன்.

ஞாயிறு எனக்கு வேலை நாள் இல்லை. போனேன்.
ரத்தத்தில் மருந்து இறங்கிவிட்டது,
பொட்டாசியம் ஏறிவிட்டது என்றார்கள் வார்டில்.
ஹானுஸ் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.
"பனி வெள்ளையாகத்தான் இருக்கிறது,"
கொஞ்சம் ஏமாந்தவர் போலச் சொன்னார்.
"எஞ்சினும் பழையபடி."

ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன்.
தடுக்கியது. தாவியது. நின்றது.
மூன்று சேர்ந்து ஓடிவந்தன.
அறுபத்தெட்டு.
நிமிடம் முடிந்த பிறகும்
காதை எடுக்கவில்லை.