நாலாயிரத்தில் ஒரு பள்ளம்

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருக்கும்வரை
நான் எதையும் அளப்பதில்லை.
நின்றபடியே உறுமும் பேருந்துகள்
அடியொலி முழுவதையும் தின்றுவிடும்.
கடைசி வண்டி போய், லாரிகள் கலைந்து,
டீக்கடை பாய்லரும் அணைந்தபின்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
மேசைக்கடியிலிருந்து காதை எடுப்பேன்.

சிலிக்கான் காது. இடது.
பல்செட் கட்டும் ஜெயசீலன்
என் காதிலேயே அச்செடுத்துக் கொடுத்தது.
துளைக்குள் மல்லாட்டை அளவு மைக்.
அதில் ஹெட்போனை மாட்டி
இருபது ஹெர்ட்ஸிலிருந்து இருபதாயிரம்வரை
ஒற்றை விசிலை ஏற்றினால்
திரையில் கோடு எழும்.

கோட்டைப் பார்த்தே சொல்லுவேன்:
இதில் பேஸ் வீங்கியிருக்கிறது.
இதில் பாடுகிறவர் கதவுக்குப் பின்னால் நிற்கிறார்.
இது மூக்குக்கண்ணாடி போட்டவருக்கு ஆகாது,
மெத்தை தூக்கிக்கொண்டு
மடை கசிவதுபோல் பேஸ் ஓடிப்போகும்.

அந்த நீலம் மூன்று முறை திரும்பி வந்தது.
நாலாயிரம் ஹெர்ட்ஸில் ஒரு முள், பத்து டெசிபலுக்கு.
ஜால்ரா விழுந்தால் பல் கூசும்.
நானூற்றைம்பதை அடித்து இருநூறு என்றெழுதி
பிளாஸ்டிக் கூடையில் போட்டிருந்தேன்.

மதலைமுத்து அதைத்தான் எடுத்தார்.
அறுவடை மெஷின் ஓட்டுகிறவர்.
குறுவைக்குக் கோவில்வெண்ணி,
தாளடிக்கு முத்துப்பேட்டைவரை,
கேபின் இல்லாத மெஷினில் பதினாறு வருசம்.
நல்லதாக நாலு காட்டினேன்.
ஒவ்வொன்றையும் மாட்டி
மரியாதைக்குத் தலையாட்டிக் கழற்றினார்.
“கம்பளி போத்துன மாதிரி இருக்குங்க.”
நீலத்தை மாட்டினார். கண் கொஞ்சம் அகலமானது.
“இதுலதான் அந்தப் பொண்ணு
அடுத்த வரிக்கு மூச்சு இழுக்குறது கேக்குது.”

எனக்குக் கோபம்தான் வந்தது.
ஆறு வருசமாக அளக்கிறவன் நான்.
உட்காரச் சொன்னேன்.
என் நல்ல ஹெட்போனை மாட்டிவிட்டேன்.
பீப் கேட்டா விரலைத் தூக்குங்க.

ஐநூறுக்கு எழுந்தது. ஆயிரத்துக்கும்.
மூவாயிரத்தில் தயங்கியது.
நாலாயிரத்தில் விரல் மடியிலேயே கிடந்தது.
ஏற்றினேன். இன்னும் ஏற்றினேன்.
வெளியே கசிந்த விசிலுக்கு
வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போனது.
அதற்கப்புறம்தான் விரல் அசைந்தது.
எட்டாயிரத்தில்
ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி எழுந்தது.

பில் புத்தகத்தின் பின்பக்கத்தில்
புள்ளி வைத்து இணைத்தேன்.
நீலத்தின் மேடு எங்கேயோ
அங்கே அவருக்குப் பள்ளம்.
அப்படியே பொருந்திவிடவில்லை;
விரற்கடை வித்தியாசம் இருந்தது.
ஆனாலும் அந்த மண்ணை இந்தக் குழியில் தள்ளினால்
பரம்படிக்கலாம்.

“வீட்ல சண்டையே இதாங்க,” என்றார்.
“பேசுறது விழும். சொன்னது விழாது.”
தஞ்சாவூரில் காது டாக்டரைப் பாருங்கள்,
சவுண்டை மட்டும் கூட்டாதீர்கள் என்றேன்.
காகிதத்தைக் கிஸ்தி ரசீதுபோல மடித்துச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
இருநூறில் ஐம்பது குறைக்கச் சொன்னார். குறைத்தேன்.

அன்றிரவு என் காதை மேசைமேல் வைத்துக்கொண்டு
எனக்கே விசிலை ஏற்றிப் பார்த்தேன்.
பதின்மூவாயிரத்தில் அது நின்றுபோனது.
திரையில் கோடு
யாரையும் கேட்காமல் இருபதாயிரம்வரை போனது.
என் மடலுக்குள் இருந்தாலும்
அந்த மைக்குக்கு நாற்பத்தாறு வயதாகவில்லை.
பதின்மூன்றுக்கு மேல் நான் எழுதிவந்த குறிப்புகள்:
“காற்றோட்டம் நன்று.”
“லேசான மினுமினுப்பு.”
யார் கேட்டது?

பத்து நாள் கழித்துப் போன்.
பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருக்க, கத்திப் பேசினார்.
“நம்ம செட்டுல இன்னும் ரெண்டு டிரைவருங்க.
அதே மாதிரி
வேற ஆருக்கும் புடிக்காதது
இருக்கா?”
கூடையைக் கவிழ்த்தேன்.