இரண்டே முக்கால் மைல்

வியாழன்தோறும் பள்ளிப் பேருந்தைக் கொட்டகையில் விட்டுவிட்டு
நேரே இங்கே வருவேன்.
வெர்னன் தன் பிக்கப்பின் பின்பலகையில் உட்கார்ந்து
ஃபிளாஸ்க் காபியில் பாதியை முடித்திருப்பார்.
என் அக்காவின் கணவர். பேச்சு குறைவு.
பாதை பிரியும் இடத்தில்
வலமா இடமா என்று கேட்டுக்கொள்வதில்லை.
எப்போதும் இடம்.

இன்று அங்கே ஒரு ஓடில்லா நத்தை,
பழுத்த வாழைப்பழ நிறம்,
குறுக்கே கிளம்பியிருந்தது.
தாண்டிப் போனோம்.

முதல் வளைவிலேயே கடல் சத்தம் அறுந்துவிடும்.
அப்புறம் சொட்டு.
மழை இல்லை. முந்நூறடி உயரத்தில்
ரெட்வுட் இலைகள் மூடுபனியைக் கறந்து
எங்கள் தொப்பியில் விடுகின்றன.
வெயில் பட்டால் மடங்கிக்கொள்ளும் புளியாரைக்கு
இன்று அந்தத் தொந்தரவு இல்லை.

வெர்னன் மரம் பார்ப்பதில்லை. அளக்கிறார்.
முப்பத்தோரு வருடம் ரம்பம் பிடித்த கண்
அடியைத் தொட்டு அண்ணாந்து
"மூணு வீடு, ஒரு களஞ்சியம்" என்று சொல்லும்.
அடுத்ததற்கு, "நாலு வீடு."
தீயில் குடைந்துபோன ஒரு தூருக்குள்
நுழைந்து நின்றால் மட்டும்
கணக்கு நின்றுவிடும்.
கரிவாசம் அடிக்கும். நான் வெளியே நிற்பேன்.

ஒன்றரை மைலில் அந்த மரம்.
ஒரு ஜனவரிக் காற்றில் தானே சாய்ந்து
பாதையை அடைத்தது.
மில் மூடி ஆறு வருடம் ஆகியிருந்தது.
அறுக்க இவரைத்தான் கூப்பிட்டார்கள்.
இரண்டு நாள் வேலை.
காகிதத்தில் முப்பது அங்குலம்.
அறுத்தது நாற்பத்து நான்கு.
மேஸ்திரி கேட்டதற்கு
ரம்பம் வழுக்கிவிட்டது என்றாராம்.

நெட்டி அக்காவின் சக்கர நாற்காலி இருபத்தாறு.
பக்கத்தில் நடக்கிறவருக்கு மிச்சம்.

பாதை முழுக்க வேர் புடைப்பு;
சக்கரம் இருநூறடிகூடத் தாண்டாது.
அது அவருக்கும் தெரியும்.
அக்கா இங்கே வரவே இல்லை.

தோள் உரச இரண்டு பேரும் நுழைகிறோம்.
அறுத்த முகத்தில் பாசி ஏறிவிட்டது.
பாசிமேல் ஒரு ஹெம்லாக் கன்று, விரல் நீளம்.
வெர்னன் குனிந்து பார்த்தார்.
"இது எத்தனை வீடு?" என்றேன்.
கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு
"நட. பாலம் வழுக்கும்" என்றார்.

பாலம் வழுக்கியது.
அப்புறம் ஏற்றம், ஒரு மரங்கொத்தி, சேறு,
மறுபடி கடல் சத்தம்,
பாதை பிரிந்த அதே இடம்.

நத்தை இன்னும் கடந்து முடிக்கவில்லை.
வெர்னன் ஃபிளாஸ்கைத் திறந்தார்.
அது அந்தப் பக்கம் போகும்வரை
நின்றபடியே குடித்தோம்.